ஒரு நாளைக்கு ஒரு படம்

1

போன வெள்ளிக்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு முதலில் வந்து பத்து வருஷம் ஆகிறது. அறையில் இருக்கும் யாருக்கும் அது தெரியாது, நானும் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் சைகையால் அனுமதி கேட்டேன். தலையை ஆட்டினார். ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. எட்டு வருஷமாக இதுதான் விதி. மாதம் முடிந்ததும் ஃபிலிமைக் கழுவக் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதி ஊருக்கு அனுப்புவேன். ஊரிலிருந்தும் அதேபோல ஒரு கட்டு வரும். அனுப்புவது என் மனைவி சரஸ்வதி.

இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஆரணியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். வெளிநாட்டுக்குக் கிளம்பத் தயாராக நாலைந்து பேர் அவரைச் சுற்றி இருக்கிறார்களாம், அவர்களுக்கு உதவும் என்றார். உதவுமா என்று தெரியவில்லை. நான் இருக்கும் ஊரின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் மட்டும் எழுதமாட்டேன். இதை எழுதும்போதும் இங்கேதான் இருக்கிறேன்.

2

ஊரில் நான் வயர்மேன். ஆரணியைச் சுற்றியுள்ள அரிசி மில்களில் மோட்டார் எரிந்துபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் ஏகாம்பரம் வீட்டிலேயே இரண்டு தறி போட்டிருந்தார். அப்பா, அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். கண்ணமங்கலத்திலிருந்து சரசுவைப் பார்த்து எனக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான். அவள் பதினோராம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்திருந்தாள். கல்யாணமான மறுவருஷம், எழுபத்தாறில், எனக்கு இந்த வேலை கிடைத்தது. நான் விமானம் ஏறும்போது அவளுக்கு ஐந்து மாசம்.

“ரெண்டே வருஷம்தானே, நீ கவலப்படாம போ. இதுங்கள பத்திரமா பாத்துக்கறது என் பொறுப்பு” என்றார் அண்ணன். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அண்ணி அப்போதே சரசுவைக் குனிந்து ஒரு குடம் தூக்க விடவில்லை.

இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றைக் கட்டும் வேலை. வந்து இறங்கிய அன்றே எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பத்திரமாக இருக்கும் என்று இவர்களும் சொன்னார்கள்.

இரண்டு வருஷம் முடிந்து நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் கம்பெனிக்கும் அதன் உள்ளூர்ப் பங்காளிக்கும் தகராறு முற்றி வழக்காகிவிட்டது. நீதிமன்ற ஆட்கள் வந்து அலுவலகத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். அலமாரி உள்ளே மாட்டிக்கொண்டது. அதோடு நூற்றுச் சொச்சம் பேருடைய பாஸ்போர்ட்டும். வழக்கு முடியும்வரை யாரும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்றார்கள். சாப்பாடு வந்தது, பாதி கட்டிய நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் லாரியில் ஊருக்குள் கொண்டுபோய் விட்டு மாலையில் திரும்ப ஏற்றி வருவார்கள். மற்ற ஆறு நாளும் வேலிக்குள்தான். ஆறு மாசம் ஆகுமா, ஆறு வருஷம் ஆகுமா என்று சொல்லக்கூட ஆளில்லை. ஜெயிலுக்குப் போனவனுக்காவது வெளியே வரும் தேதி தெரியும்.

தனி அனுமதி வாங்கித் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விண்ணப்பத்தில் ஏதாவது ஒரு முத்திரை குறையும். ஒருமுறை மனு எழுதித் தருபவரிடம் போகாமல் நானே நேரில் பேசிவிடலாம் என்று, கேட்டுப் பழகிய அரபிச் சொல்லைச் சொல்லி ஜன்னலில் நின்றேன். “எனக்கு ஜனாஸா வேண்டும்” என்றேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

முகாமில் சமையல் பார்த்த சலீம் பாய்தான் விளக்கினார். மேல்விஷாரத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “தம்பி, லீவுக்கு இஜாஸா. ஜனாஸான்னா மையத்து. ஒன் பொணத்த எடுத்துக் குடுன்னு கேட்டுகினு நின்னுருக்கே” என்றார். அவர் சிரிக்கவில்லை. அன்று எனக்கு மட்டும் ஒரு கரண்டி குழம்பு அதிகமாக ஊற்றினார்.

3

அந்த நாட்களில்தான் கேமரா வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று சரசுவுக்கு. வேறு கம்பெனியில் இருந்த சலீம் பாயின் மச்சான் லீவில் போகும்போது அவளுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தேன். தினம் ஒரு படம் எடு, நானும் எடுக்கிறேன், அந்தந்த நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும், அப்படிச் செய்தால் இத்தனை நாளும் நாம் ஒன்றாக இருந்த மாதிரி ஆகும் என்று எழுதியிருந்தேன். எழுதியது நான். விதியை முதல் வாரமே மீறியதும் நான்தான்.

முகாமுக்குள் எடுக்க என்ன இருந்தது? வேலி, தகரக் கூரை, வரிசையாகத் தொங்கும் பனியன்கள். இதையெல்லாம் ஊருக்கு எப்படி அனுப்புவது? அதனால் வெள்ளிக்கிழமை லாரியில் போகும்போது பையில் மூன்று சட்டைகளை எடுத்துக்கொள்வேன். நீரூற்று வைத்த ரவுண்டானா முன்னால் ஒரு சட்டை, யாரோ நிறுத்திவிட்டுப் போன கார் பக்கத்தில் ஒரு சட்டை, துறைமுகத்தில் ஒன்று. சலீம் பாய் அலுக்காமல் எடுத்துக் கொடுப்பார். மிச்ச நாட்களுக்குக் கடலும் கடைவீதியும். ஒரே மத்தியானத்தில் ஏழு நாளும் முடிந்துவிடும். பின்னால் திங்கள், செவ்வாய் என்று வரிசையாகத் தேதி போடுவேன். சுருங்கச் சொன்னால், சுதந்திரமாகச் சுற்றித் திரியும் ஒரு மனிதனை மாதாமாதம் தயாரித்து அனுப்பினேன். வழக்கைப் பற்றி, வேலை நீண்டுவிட்டது என்று ஒரே வரி எழுதினேன்.

சரசு ஏமாற்றவில்லை. முப்பது நாளுக்கு முப்பது படம் வந்தது.

4

அவளுடையவை கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிமைக் கழுவ அப்போது மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளை ஆரணி ஸ்டுடியோவிலேயே முடிந்துவிடும். சாயம் தோய்த்த பட்டு மூங்கிலில் காயும் படத்தின் பின்னால் “இது அரக்கு” என்று எழுதியிருப்பாள். அடுத்ததில் “மாம்பழக் கலர்”. படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி, கண்ணை மூடி, நிறத்தைப் போட்டுப் பார்ப்பேன். முகாமில் இருந்த நம் ஆட்கள் இருபது பேரும் அந்தக் கட்டுக்காகக் காத்திருப்பார்கள். என் கட்டிலுக்கு மேலே பலகையில் குத்திவைப்பேன், வந்து வந்து பார்ப்பார்கள்.

முதல் கட்டில் தெருவில் தறிக்கான பாவு நூல் நீட்டியிருக்கும் படம், வேலை செய்யும் பெண்கள் சிரிக்கும் படம், எங்கள் மகள் செல்வி இரண்டு வயதில் வாய் நிறைய முறுக்கோடு நிற்கும் படம் எல்லாம் இருந்தன. இரண்டாவது மாதத்திலிருந்து மாறிவிட்டது. கொல்லைப் பக்கத்துப் பப்பாளி மரம். பக்கத்து வீட்டுச் சுவர். சுவரின் மேல் காக்கை. துணிக்கொடி. மறுபடி பப்பாளி.

எனக்குச் சலிப்பு வந்தது, பிறகு கோபமும் வந்தது. கோட்டை மைதானத்தை எடு, பஸ் ஸ்டாண்டை எடு, ஆற்றில் தண்ணீர் வந்தால் அதை எடு என்று எழுதினேன். மறுமாதமும் சுவர்தான் வந்தது. அதோடு படங்களின் ஓரத்தில் மங்கலாகக் கறுப்பாக ஏதோ விழுந்திருந்தது. “லென்ஸில் கறை இருக்கிறது, மெல்லிய துணியால் துடை, ஃபிலிமை வீணாக்காதே” என்று எழுதினேன். அவள் கடிதங்களில் இதற்குப் பதிலே இருக்காது. எல்லோரும் நலம், செல்வி நலம், மழை இல்லை. கீழே அண்ணன் தன் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்திருப்பார். அது ஒருமுறை இப்படி இருந்தது: “சுவரையும் காக்கையையும் எடுத்துக்கொண்டு இருக்கிறாள். நீதான் சொல்ல வேண்டும்.” அண்ணன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வியும் படங்களில் குறைந்துகொண்டே வந்தாள். வந்தாலும் முதுகுதான் தெரிந்தது, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போகும் முதுகு.

5

ஒரு வருஷம் போல் ஆகியிருக்கும். பலகையில் இடம் போதாமல் பழைய படங்களையெல்லாம் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். சலீம் பாய் தேநீரோடு வந்து குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“வூட்டுக்காரம்மா வெளியவே போறதில்லையா தம்பி?” என்றார்.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

ஒரு படத்தை எடுத்து ஓரத்தைக் காட்டினார். பிறகு இன்னொன்றை, பிறகு இன்னொன்றை. “ஒரே எடத்துல நின்னுகினு எடுத்திருக்காங்க, அத்தினியும். இது கறை இல்ல தம்பி. ஜன்னல் கம்பி.”

அதன் பிறகு படங்களில் எனக்குக் கம்பியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலில் நான்கு கம்பிகள். அதற்குப் பெயிண்ட் அடித்தவனே நான்தான். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் கேமராவை வைத்து ஒருத்தி முன்னூறு நாளுக்கு மேல் எனக்குச் சேதி அனுப்பியிருக்கிறாள். நான் லென்ஸைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனுக்குக் கோபமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாய் பேனாவைப் பிடித்துக்கொண்டார். தபாலில் போட்டால் யார் கைக்குப் போகும் என்று கேட்டார். அப்போதுதான் அண்ணன் கையெழுத்தில் வந்த அந்த இரண்டு வரிகளின் அர்த்தம் எனக்கு உறைத்தது. அவள் கடிதம் மூடப்படுவதற்கு முன் அவர் கைக்குப் போகிறது.

பாய் எங்கள் கம்பெனிக்காரர் இல்லை, சமையல் ஒப்பந்தக்காரரின் ஆள். அவருடைய பாஸ்போர்ட் அந்த அலமாரியில் மாட்டவில்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போகவிருந்தார். போகும்போது நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

அந்த மாதம் முழுக்க நான் உண்மையிலேயே தினம் ஒரு படம் எடுத்தேன். வேலி. வேலிக் கதவின் காவல்காரர். சீல் வைத்த அலுவலகக் கதவு. தொழிலாளர் அலுவலக ஜன்னலில் எனக்கு முன்னால் நின்ற நாற்பது முதுகுகள். மெலிந்துபோன என் முகம், பனியனோடு. மொத்தம் முப்பது படங்கள். கடிதமாக இரண்டே வரி எழுதினேன். இதுதான் நான் இருக்கும் இடம். நீ இருக்கும் இடம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது, கண்ணமங்கலத்துக்குப் போ.

அண்ணனுக்குத் தனியாக ஒன்று எழுதினேன். சரசு தாய்வீட்டுக்குப் போவது என் விருப்பம், தடுக்க வேண்டாம் என்று.

6

நடந்ததைச் சரசு கண்ணமங்கலத்திலிருந்து எழுதிய கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் பாயை உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார். படக்கட்டை வாங்கக் கை நீட்டியபோது பாய், அதை அந்தம்மா கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி எழுந்து நின்றிருக்கிறார். விருந்தாளி முன்னால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. அவள் கதவோரம் வந்து வாங்கிக்கொண்டாள்.

அவளை அடைத்துவைத்த காரணமும் எழுதியிருந்தாள். முதல் மாதம் தெருவில் படம் எடுத்தபோது, ஆம்பிளைகளையும் எடுக்கிறாள் என்று யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். தம்பி வரும்வரை வெளியே போக வேண்டாம் என்றார். கோவிலுக்கும் அண்ணியோடுதான். அரிசி மண்டியில் டைப் அடிக்க ஆள் கேட்டார்கள், அதற்கும் விடவில்லை. பகலெல்லாம் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். செல்வி அண்ணியை அம்மா என்றும் இவளைச் சரசம்மா என்றும் கூப்பிடப் பழகிவிட்டாள். ஃபிலிமைக் கழுவிக் கொண்டுவருவதும் அண்ணன்தான், ஒவ்வொரு படமாகப் பார்ப்பார், சுவர்தானே என்று கொடுத்துவிடுவார். “உங்கள் அண்ணனுக்குக் கடிதம் படிக்கத் தெரியும். படத்தைப் படிக்க நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்” என்று எழுதியிருந்தாள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

பாய் வந்துபோன ஒன்பதாம் நாள், காலை பத்து மணிக்கு, தெருவே பார்க்க, குழந்தையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “தொரத்திட்டேன்னு ஊரு பேசும். ஒனக்காகத்தாம்மா இத்தினி காவல் காத்தேன்” என்றாராம். அண்ணி செல்வியின் கவுன்களை மடித்து வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலூர் பஸ்ஸில் குழந்தை கண்ணமங்கலம் வரும்வரை அண்ணியைக் கேட்டு அழுதது.

அன்றைய படம் பஸ் ஜன்னல் வழியாக எடுத்தது. எல்லாமே கலங்கிப்போயிருந்தது, எது மரம், எது வீடு என்று தெரியவில்லை. முகாமில் இருந்த இருபது பேரும் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அண்ணன் ஒரே ஒரு கடிதம் எழுதினார். பிறகு எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒப்புக்கொண்ட பொருளைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஒப்படைத்தவன் நான்.

7

நான் வெளியே வர எண்பத்திரண்டு ஆகிவிட்டது. வழக்கு முடிந்து ஒருநாள் அலுவலகத்தின் சீலை உடைத்தார்கள், பெயர் கூப்பிட்டு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து கண்ணமங்கலத்தில் இறங்கினேன். சரசு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலையில் வேலை பார்த்தாள், மீதி நேரம் படம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்று பெண்கள் கூடும் இடத்துக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டார்கள். “படக்காரம்மா வூட்டுக்காரரு” என்றுதான் என்னைக் கடைத்தெருவில் அடையாளம் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

செல்வி என்னோடு பேசுவாள், மரியாதையாக, கேட்டதற்கு மட்டும். நான் வந்து மூன்றாவது வாரம், சமையலறையில் அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “அவரு எப்பம்மா போவாரு?” குழந்தை கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது.

முகாம் சங்கு ஊதும் நேரத்துக்கு விழித்துக்கொள்வேன். கதவு திறந்திருந்தால் யாரிடம் சொல்லிவிட்டு வெளியே போவது என்று ஒரு கணம் யோசிப்பேன். ஐந்தாவது மாதம் இதே நாட்டில் இன்னொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பாஸ்போர்ட் நம் கையிலேயே இருக்கும் என்றார்கள். கிளம்பிவிட்டேன். சரசு தடுக்கவில்லை. ஊரில் வேலை இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மில்களில் மோட்டார் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

8

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்குக் குடும்ப விசா அனுமதியாயிற்று. என் அறையில் அதற்காக நான்கு வருஷமாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சரசு கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தையும் இங்கே பார்த்துவைத்த வீட்டின் படங்களையும் அனுப்பினேன். ஏழாவது மாடி, இரண்டு அறை, குளிர்சாதனம்.

படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு கேசட். முதலில் செல்வியின் பள்ளிப் பாட்டு, பிறகு சரசுவின் குரல்.

“வூடு நல்லா இருக்குதுங்க. நான் அங்க வந்தா நீங்க கூட்டிகினு போற எடத்துக்குத்தான் போவணும். நீங்க வேலைக்குப் போயிட்டா ஜன்னல்தான். எனக்கு வேணாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அப்ப உங்கள அவங்க வுடல. இப்ப யாருங்க வுடல?”

நிறுத்திவிட்டேன். அறையில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள், பாட்டு முடிந்துவிட்டது என்றேன். அன்றும் மறுநாளும் நான் படம் எடுக்கவில்லை. தேதியில் பொய் எழுதுவதை விட்ட பிறகு இதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருஷமாக ஒரு பக்கத்தில்கூடப் புது முத்திரை இல்லை. லீவு வந்தபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி நான் போகாமலே இருந்திருக்கிறேன். நான் எப்போது போவேன் என்று செல்வி மறுபடி கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான் காரணம். இதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மேலாளரிடம் வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். சம்பளம் போதவில்லையா என்றார். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். அதுவும் இல்லை. விலகும் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்கமாட்டோம் என்றார்கள், “குடும்பம்” என்று எழுதினேன். இங்கே நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். ஊருக்கு எழுதிப் போட்டேன்.

நேற்று செல்வியிடமிருந்து கடிதம் வந்தது. பத்து வயது ஆகப்போகிறவளின் குண்டு எழுத்து. நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறாள். “நீங்கள் வரப்போவதாக அம்மா சொன்னாள். எத்தனை நாள் லீவு என்று எழுதவும். என் மேஜையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.”

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். “அன்புள்ள செல்விக்கு, லீவு இல்லை” என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவளுக்கு நான் இத்தனை வருஷமும் எழுதிய அதே இரண்டு சொற்கள். இதைப் படித்தால் மேஜையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்: “வேலையை விட்டுவிட்டு வருகிறேன். திரும்பிப் போகமாட்டேன். மேஜையை நீ எங்கே வைக்கிறாயோ, மிச்சம் இருக்கும் இடம் எனக்குப் போதும்.”

உறையை ஒட்டினேன். மனம் மாறுவதற்குள் செருப்பைக்கூட மாற்றாமல் இறங்கிப் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.